எதிர்ப்பக்கத்து நாற்காலி

அவள் பெயரை எழுத மாட்டேன். பயமெல்லாம் இல்லை. பெயரைப் போட்டால் எப்படியாவது தேடிப் படித்துவிடுவாள். படித்துவிட்டு போன் போட்டு, "இதுல பாதி அப்பிடி கெடையாதுக்கா" என்று ஆரம்பிப்பாள். அதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

திருவொற்றியூரில் ஒரு டயர் கடைக்கு மேலே, ஒரே ஒரு நீள அறையில் எங்கள் தொண்டு நிறுவனம் இருக்கிறது. 'இளைஞர் பங்கேற்பும் கொள்கைப் பரிந்துரையும்' என்று போர்டில் எழுதியிருக்கும். தெருவில் வழி கேட்டால், "மனு எழுதுமே, அந்த அக்கா ஆபீஸா?" என்பார்கள். அந்த அக்கா நான்தான். வருஷா வருஷம் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பிவைப்பார்கள். பாதிப்பேர் சர்டிபிகேட்டுக்காக வருவார்கள், மீதிப்பேர் உலகத்தை மாற்ற வருவார்கள். சர்டிபிகேட்காரர்களால் தொந்தரவில்லை. உலகத்தை மாற்ற வருகிறவர்களையும் பதாகை பிடிக்கச் சொல்லி நாலு போட்டோ எடுத்துக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள். இவள் இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. என் தலையெழுத்து.

முதல் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய ஒரு பையன் சமூகம், கடமை, பங்களிப்பு என்று மணிமணியாகப் பேசினான். கைதட்டினோம். அடுத்தது இவள்.

"காலேஜில கட்டாயம்னாங்க. வூட்டாண்ட இந்த ஆபீசுதான் கீது."

உண்மையைச் சொல்கிறாளே என்று சிரித்தேன். அத்தோடு விட்டாளா?

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? இம்மாம் மனு குடுக்குறீங்களே, அத வாங்குறவரு மனசுல இன்னா ஓடும்னு எப்பனாச்சும் யோசிச்சிகிறீங்களா?"

"அவர் மனசுல என்ன ஓடினா நமக்கென்னம்மா?" என்றேன்.

"அய்யே, அப்பிடி சொல்லாதீங்கக்கா" என்று உச்சுக்கொட்டினாள். அந்த உச்சுக்கொட்டல் பிறகு எனக்குத் தூக்கத்தில்கூடக் கேட்டது.

கத்தித்தான் பேசுவாள். சாலையோரத்து வீட்டில் லாரிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. நாற்காலியில் ஒரு காலை மடித்துக் குந்திக்கொள்வாள். மூன்று மணியானால் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுப்பாள். கொடுத்துக்கொண்டே, நான் அரை நாள் உட்கார்ந்து எழுதிய மனுவில் ஓட்டை எங்கே என்று சொல்வாள். வாயில் அவள் கொடுத்த சுண்டல் இருக்கும்போது திட்டவும் முடியாது.

அந்த வருஷம் நாங்கள் கையில் எடுத்திருந்தது கண்டெய்னர் லாரிப் பிரச்சினை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எங்கள் சாலையில் வரிசை கட்டி நிற்கும், கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். வீடுகள் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். இரண்டு டிரெய்லருக்கு நடுவில் புகுந்துதான் பிள்ளைகள் ஓடும். பள்ளி விடுகிற நேரத்திலும் தொடங்குகிற நேரத்திலும் அந்தச் சாலையில் கனரக வண்டி வரக் கூடாது, இதுதான் கோரிக்கை. ஒரே கோரிக்கை. ஒரு மனுவில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டைக் கேட்டால் சுலபமானதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துபோவார்கள்.

இதில் இவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவளுடைய அப்பா டிரெய்லர் டிரைவர். தங்கை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது. காலையில் அப்பா வண்டியோடு வரிசையில் நிற்பார், தங்கை அதே வரிசைக்குள் புகுந்து ஓடுவாள். டிரைவர்களுக்கு நடைக் கணக்கில்தான் கூலி. காலையும் மாலையும் வண்டியை நிறுத்திவிட்டால் அவருக்கு ஒரு நடை போச்சு. நாங்கள் ஜெயித்தால் வீட்டில் வருமானம் குறையும். தோற்றால் தங்கை ஓடிக்கொண்டே இருப்பாள்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா வேற வேலை தரேம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு? ரெண்டும் என் வூட்டுல கீது. நா இருந்தாத்தான் கரீட்டா இருக்கும்."

வார்டு மக்கள் குறைகளைச் சொல்ல ஏரியா சபை என்று ஒரு கூட்டம் உண்டு. கவுன்சிலரும் அதிகாரியும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள், நாம் இந்தப் பக்கம். போவதற்கு முன்னால் ஆபீசில் ஒத்திகை பார்ப்போம். யாராவது ஒரு பிள்ளை அதிகாரியாக நடிக்கும். பெயருக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி முடித்துவிடும். எல்லாருக்கும் தைரியம் வரும், டீ குடிப்போம். இவள் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து எதிர்ப்பக்கம் போட்டு, காலை மடித்துக் குந்திக்கொண்டு, "நா இப்ப ஆபீசரு. கேளு" என்றாள்.

கோப்பைக்காரப் பையன் கணீரென்று ஆரம்பித்தான். இரண்டு வாக்கியம் போயிருக்காது.

"லாரிய நிறுத்திட்டு எங்க நிக்க வெப்ப?"

"அது... அரசாங்கம்தான் சார் பார்க்கணும்."

"நாந்தான்யா அரசாங்கம். உன்னத்தான கேக்குறேன். மொத்த வண்டியும் நின்னுச்சின்னா வரிசை எண்ணூரு வரைக்கும் போவுமே, அங்க இருக்குற பசங்களுக்கு ஸ்கூலு இல்லியா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் என்று அவன் அம்மா போன் செய்தார்.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் நாற்காலிதான். டயர் கடைக்காரர் எங்கள் மாடிப்படியை அடைத்து டயர் அடுக்குகிறார் என்று நான் சண்டைக்குக் கிளம்புவேன். நாற்காலி நகரும். "நா இப்ப டயர் கடக்காரு. சொல்லுக்கா." அவளோடு பேசி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் இறங்கிவிடும். கோபம் இல்லாமல் மனுஷி எப்படிச் சண்டை போடுவது? டயர் அங்கேயேதான் கிடந்தது.

கையெழுத்து வாங்கத் தெருவுக்கு அனுப்பினேன். மற்றப் பிள்ளைகள் கத்தை கத்தையாகக் கொண்டுவந்தார்கள். இவள் தாள் முக்கால்வாசி வெள்ளையாகத் திரும்பி வந்தது. என்னதான் செய்கிறாள் என்று பின்னாலேயே போனேன். டீக்கடை பாய் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். போடப்போகிற நேரம்.

"பாய், ஒண்ணு. காலீல லாரி நிக்கலன்னா டிரைவருங்க டீ குடிக்க வர மாட்டாங்க. உங்களுக்கு யாவாரம் கொறையும். பரவால்லியா?"

பாய் பேனாவை மூடிவிட்டார். "யோசிச்சு சொல்றேன்மா."

"ஏன்டி, நீ யார் கட்சிடி?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

"தெரியாம போட்டுட்டு அப்பால அவரு பேஜாராயிட்டா, அந்தக் கையெழுத்து இன்னாத்துக்குக்கா?"

பாய் அந்த வாரமே தானாக மாடியேறி வந்து கையெழுத்துப் போட்டார், அவர் பேத்தியும் அந்தப் பள்ளிக்கூடம்தான் என்றார். இருக்கட்டும். அன்றைக்கு ஏறிய ரத்தக்கொதிப்பு எனக்குத்தானே?

நிதி கொடுக்கிறவர்கள் பெங்களூரிலிருந்து பார்வையிட வந்தார்கள். "இங்கே எல்லா முடிவையும் இளைஞர்களேதான் எடுக்கிறார்கள்" என்று நான் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். வந்த அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது, அது என் கெட்ட நேரம். இவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

"முடிவு அக்கா எடுப்பாங்க மேடம். நாங்க அத்த கலர் பேனால எழுதுவோம்."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கன்னம் வலித்தது.

சபைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய சண்டை வந்தது. வரிசையில் நிற்கிற டிரைவர்களோடு போய்ப் பேசிவிட்டு வந்து, மனுவில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும் என்றாள். வண்டிகள் காத்திருக்க ஓர் இடம், அங்கே தண்ணீர், கழிப்பறை.

"எங்க நைனா வண்டில ஏறுனா தண்ணியே குடிக்க மாட்டாருக்கா. குடிச்சா போவணுமே, எங்க போவாரு? கிட்னில கல்லு வந்து ஆஸ்பத்திரில கெடந்தாரு. இப்பவே இப்பிடின்னா, நாம இன்னும் நிக்க வெச்சா இன்னா ஆவும்?"

"நியாயம்தான். முதல்ல இது நடக்கட்டும். அப்புறம் அதைப் பார்க்கலாம்."

"இத்தத்தான்க்கா ஆபீசரும் சொல்லுவாரு."

"ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான். முடிவு பண்ணியாச்சு. போய் வேலையைப் பார்" என்றேன். உச்சுக்கொட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு சீக்கிரம் போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சபை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கூட்டம் நல்ல கூட்டம். பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் முன்வரிசையை நிறைத்துவிட்டார்கள். காய்ச்சலில் படுத்த அந்தக் கோப்பைக்காரப் பையனே வந்து, தடங்கலில்லாமல் பேசி முடித்தான். அதிகாரி தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் பேனாவைத் திறந்துகொண்டே, "சரி, லாரித் தரப்புல யாராவது வந்திருக்கீங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். யாரும் இல்லை. நாங்கள் யாரையும் கூப்பிடவே இல்லையே.

எனக்குப் பின்னால் நாற்காலி தரதரவென்று இழுபடுகிற சத்தம் கேட்டது. ஐயோ, வேண்டாம்டி என்று திரும்புவதற்குள், அத்தனை பேருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மேசைக்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"லாரித் தரப்பு நா பேசறேன் சார். எங்க நைனா அந்த வரிசைலதான் நிக்கிறாரு. ஸ்கூல் டைம்ல வண்டிய நிறுத்தணும், அதுல மாத்தம் இல்ல. என் தங்கச்சியும் அங்கதான் படிக்குது. ஆனா நிறுத்துனா நிக்க எடம் வோணும் சார். ஒண்ணுக்குப் போவ எடம் வோணும். அத்த இந்த மனுல எழுதல."

முன்வரிசை கொதித்துவிட்டது. "அப்பனுக்குப் பேச வந்துட்டா பாரு!" என்று ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி என்னைப் பார்த்து, "இன்னா அக்கா, உன் ஆளே காலை வாருது?" என்றாள். அதிகாரி பேனாவை மூடினார். "உங்களுக்குள்ளயே ஒத்துப்போகலையே. பேசி முடிச்சிட்டு அடுத்த சபைக்கு வாங்க."

முடிந்தது. மாதக்கணக்காக அலைந்தது அந்த ஒரு நாற்காலியில் போய்விட்டது. வெளியே வந்து என் வாய்க்கு வந்ததெல்லாம் அவளைத் திட்டினேன். எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கி ஆர்டர் வந்துச்சின்னு வெச்சிக்கோ. நாலு நாளு போலீசு நிக்கும். அஞ்சாவது நாளு வண்டிய வுட்டுடுவாங்க. நிக்க எடமே இல்லாதவன் இன்னா பண்ணுவான்?"

"என் மூஞ்சியில முழிக்காதே" என்று ஆட்டோ ஏறிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஒரு காலையில் எனக்கு முன்னால் வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். முகம் வாடியிருந்தது. தெருவில் பெண்கள் அவளோடு பேசுவதில்லை, டிரைவர் பெண் தன் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று. வரிசையிலோ கதை வேறு மாதிரி போயிருக்கிறது. "உன் பொண்ணே உன் வண்டிய நிறுத்தச் சொல்லுதாமே" என்று அப்பாவைச் சீண்டியிருக்கிறார்கள். அவர் வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் சாதாரண மனுஷர் குரல் அளவுக்கு இறங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

இன்டர்ன்ஷிப் காலம் முடிந்தது. "சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டுப் போம்மா" என்று கெஞ்சினேன். "வேல முடியலியேக்கா" என்று தினமும் வந்தாள். சாயங்காலம் வரிசையில் வண்டி வண்டியாக ஏறிப் பேசினாள். அப்பா வண்டியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாளாம்.

அடுத்த சபைக்கு டிரைவர்கள் வந்தார்கள். இந்த முறை அவள் கேட்ட இரண்டாவது கோரிக்கையும் மனுவில் இருந்தது. லுங்கியோடு, தோளில் துண்டோடு, மண்டபத்தின் பின்பக்கம் நிறைய நின்றார்கள். கடைசியாக அவளுடைய அப்பா வந்தார். ஒல்லியான மனுஷர். அதிகாரி, "யாருப்பா பேசறீங்க?" என்றதும் அவரைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

"சார், எம் பொண்ணு எனக்கு எதிரா பேசுதுன்னு வரிசைல எல்லாரும் சொன்னானுங்க. நானும் அத்தோட பேசாம இருந்துட்டேன். அன்னிக்கி இந்த ஹால்ல எங்களுக்கோசரம் வாயத் தொறந்தது அது ஒண்ணுதான்னு அப்பாலதான் தெரிஞ்சிது சார்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசை அம்மாக்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இவள் பேசாமல் இருந்திருக்கலாம் இல்லையா? பெற்ற அப்பா ஊரறியப் புகழ்கிறார், அழுதிருக்கலாம், தலையைக் குனிந்திருக்கலாம்.

"நைனா, அப்பிடி இல்ல" என்று கத்தினாள். "ஸ்கூல் டைம்ல நீ வண்டிய நிறுத்தத்தான் வோணும். அதுல நா உன் கட்சி கெடையாது. அத்தயும் சேத்து சொல்லு."

"நிறுத்துறேம்மா, நிறுத்துறேன்" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆர்டர் வந்தது. பள்ளி நேரத்தில் வண்டிகள் சாலைக்கு வராமல் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டுக்குள் காத்திருக்க வேண்டும், அங்கே குடிதண்ணீரும் கழிப்பறையும் வைக்க வேண்டும். வண்டிகளும் நின்றன. ஐந்தாவது நாளும் நின்றன. அவள் தங்கை குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டு ஆடி அசைந்து சாலையைக் கடப்பதை நானே பார்த்தேன். கழிப்பறையைக் கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். மறுநாள் யார்டுக்காரர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள். டிரைவர்கள் கலீஜ் பண்ணிவிடுவார்களாம்.

இதற்குள் அவள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கே தெரியுமா? அதே யார்டில், வண்டிகளுக்குச் சீட்டுப் போடுகிற மேசையில். "போயும் போயும் அங்கேயா?" என்று போனிலேயே சண்டை போட்டேன். "அந்தாண்ட குந்தினாத்தான்க்கா தெரியும்" என்றாள். சரி, கெட்டதிலும் ஒரு நல்லது, நம்ம பெண் உள்ளே இருக்கிறாள், பூட்டு விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடியும் என்று புதிய இன்டர்ன் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் கிளம்பினேன்.

யார்டு வாசல் வரிசையில் அவள் அப்பாவின் வண்டி நின்றது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"நீங்களாச்சும் அத்தாண்ட சொல்லுங்கம்மா. சாவி அது டிராயர்லதான் கீது. கேட்டா எங்கிட்டயே மனு கேக்குது."

உள்ளே போனேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள், மூன்று நாற்காலி போட்டாள், சுண்டல் கொடுத்தாள்.

"சாவியைக் கொடு" என்றேன்.

"தர மாட்டேன்க்கா."

"உங்க அப்பா வெயில்ல நிக்கிறாருடி. தண்ணி குடிக்காம நிக்கிறாரு. அவருக்காகவாவது தொற."

"எங்க நைனாவுக்குன்னு தொறந்தேன்னா அது எங்க நைனா கக்கூசு ஆயிடும்க்கா. நாளைக்கு நா லீவு போட்டா யாரு தொறப்பா? எல்லாருக்கும் எப்பவும் தொறந்து வெக்கணும்னு எழுதிக் குடுங்க." கண் கலங்கித்தான் இருந்தது. டிராயர் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

ஒரு தாள் வாங்கி மனு எழுதிக் கொடுத்தேன். படித்தாள். உச்சுக்கொட்டினாள். "இது பத்தாதுக்கா. எங்க மேனேஜரு, சுத்தம் பண்ண ஆளு இல்லன்னு சொல்லுவாரு. அதுக்கு நீங்க இதுல ஒண்ணும் எழுதல." எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாமா, அவளை நாலு அறை விடலாமா என்று இருந்தது. திருப்பி எழுதினேன். அவள் வரி வரியாக அடித்துத் திருத்த, நான் எழுத, புதுப் பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. கழிப்பறையைக் கூட்டிக் கழுவ ஆள் போட்டு, பூட்டையும் எடுத்தது அடுத்த வாரம்தான். இப்போதும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அன்றைக்கு மத்தியானம்தான்.

எழுதி முடித்ததும், மேனேஜரிடம் எப்படிக் கேட்பது என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன், பழக்க தோஷத்தில். "நீதான் இருக்கியே அந்தப் பக்கம். நீயே மேனேஜரா இரு."

"இல்லக்கா" என்றாள். எழுந்து, தன் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஒரு ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து வந்து எங்கள் பக்கத்தில், என் தோளை இடித்துக்கொண்டு போட்டுக் காலை மடித்துக் குந்தினாள். எதிரே காலியாகக் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்து, வெளியே நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சார், அந்தப் பூட்ட இன்னாத்துக்கு சார் மாட்டி வெச்சிகிறீங்க?"

உள்ளறைக் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்து, "யாரும்மா இங்க கத்தறது?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் வரிசையைப் பார்த்தார். அவள் எழுந்து தன் இடத்துக்குப் போகவில்லை. மனுவை என் கையில் திணித்தாள்.

"நாங்கதான் சார்" என்றாள். என் பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரிந்த அளவில் மெதுவாக, "கேளுக்கா" என்றாள்.